பூஜைக்கு வைத்த சோதனைக் குழாய்கள்

எழுபதுகளின் நடுவில் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஈய அயோடைடு. தாள்மேல் தாள் அடுக்கியதுபோல் வளரும் குறைகடத்திப் படிகம். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் கூடுதலாக ஓடும். இத்தகைய படிகங்களுக்கு உலை வேண்டும் என்பார்கள். எங்களிடம் உலை இல்லை. சிலிக்கேட் கரைசலில் அமிலமும் ஈய உப்பும் கலந்தால் தயிர்போல உறையும். மேலே அயோடைடு கரைசலை ஊற்றினால் அது மெல்ல இறங்கி, உள்ளே பொன்னிறத் தகடுகள் விளையும். சோதனைக் குழாய் போதும்.

கம்பி ஒட்டி அளக்க ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தகடாவது வேண்டும். எனக்கு விளைந்ததெல்லாம் மஞ்சள் தூள். தீபாவளிக்குள் தகடு வராவிட்டால் தலைப்பையே விட்டுவிடச் சொல்லி ஆராய்ச்சி வழிகாட்டி எழுதிவிட்டார்.

புதிதாக இருபத்துநான்கு குழாய்கள் ஊற்றிய மறுநாள், விளைந்ததை எண்ணப் போனேன். ஆய்வகம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், என் மேசையில் குழாய்களைச் சுற்றித் தராசும் கால்வனாமீட்டர்களும். எல்லாவற்றையும் மூடி ஒரு வெள்ளைத் துணி. சாவி ஆய்வக அட்டெண்டரிடம். பஸ் பிடித்து அவர் ஊரான நல்லேப்பிள்ளிக்குப் போனேன். வயலில் நின்றார்.

"சாவி குடுங்க. குழாயைப் பார்க்கணும்."

"பூசைக்கு வெச்சாச்சுங்க சார். விஜயதசமி வரைக்கும் தொடப்படாதுங்க."

"எட்டு நாள் முன்னாடியே யாராவது வைப்பாங்களா?"

"அப்பறம் அறுப்பை ஆரு பாக்கறதுங்க? ஏனுங்க சார், தெனம் ரெண்டு தடவை தூக்கித் தூக்கிப் பாக்கறீங்களே, மாசமா இருக்கற புள்ளயக்கூட அப்படிப் பாடாப் படுத்த மாட்டாங்க."

அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கல்லூரி முதல்வரிடம் போயும் பயனில்லை. பூஜைக்கு வைத்ததை எடுக்க அவரும் சம்மதிக்க மாட்டார். திரும்பிவிட்டேன். அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை.

விஜயதசமி காலை அட்டெண்டர் துணியை எடுத்தார். பதினொன்றாம் குழாயில் மூன்றே தகடுகள். ஒன்று ஆறரை மில்லிமீட்டர், ஆறு பக்கமும் தெளிவாக. பிளேடு முனையால் தொட்டதும் மேல் தாள் தனியே உரிந்து வந்தது.

அந்தத் தகட்டைத் தீபாவளிக்கு முன்பே அனுப்பினேன். இந்த முறை என்ன மாற்றினீர்கள் என்று வழிகாட்டி கேட்டார். அமில அளவு, வெப்பநிலை எல்லாம் என் நோட்டில் இருந்தன. எதிலும் மாற்றம் இல்லை. முந்தைய முறை பத்தொன்பது நாள், நாளுக்கு இரண்டு தடவை, இருபத்துநான்கு குழாய்: தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு முறை தூக்கிச் சாய்த்திருக்கிறேன். நோட்டில் இல்லாதது அது ஒன்றுதான். அதை எழுதி அனுப்பினேன். அடுத்த முறை ஊற்றியதும் நானே பூட்டி, சாவியை அட்டெண்டரிடம் கொடுத்தேன்.