பில்லில் இருந்த ஒரே நம்பர்

போன புரட்டாசியில், மன்னார்குடியில், என் தங்கை கணவரின் பூச்சிமருந்துக் கடையில் நடந்தது இது. நான் அரசுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் கோப்பில் விடுபட்ட கையெழுத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வுக்குப் பிறகு அதையே சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்துவருகிறேன். யாரும் கேட்பதில்லை என்பதை நான் ஒரு தடையாக நினைத்ததில்லை.

மாப்பிள்ளை அதுவரை கையால்தான் பில் எழுதிக்கொண்டிருந்தார். எந்த மருந்து எத்தனை பாட்டில் இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது எல்லாம் அவர் தலைக்குள். அந்தத் தலை ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் கடையும் கூடவே படுத்துவிடும். நல்ல பில்லிங் சிஸ்டம் ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் வாய் திறந்த அன்றே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று கம்பெனியில் இருந்து டெமோ காட்ட வந்தார்கள். முதல் ஆளின் மெஷின் நெட் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்கள் கடைத்தெருவில் நெட்டும் கரண்டும் முறைபோட்டுக்கொண்டு வருபவை. இரண்டாவது ஆள் என் கேள்விகளில் பாதியில் ஒரு போன் பேசப் போனார், திரும்பி வரவே இல்லை. மூன்றாவது இளைஞர் எல்லாவற்றுக்கும் "பண்ணிடலாம் சார்" என்றார். அவருடைய சிஸ்டத்தை ஒரு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். மருந்தின் அளவு பில்லிலேயே தமிழில் அச்சாக வேண்டும். பாட்டிலோடு வரும் தாளைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும், கடையில் வாயால் சொல்வதோ வயலுக்குப் போவதற்குள் மறந்துவிடும். இரண்டாவது, வாங்குபவரின் செல் நம்பர் இல்லாமல் பில் விழக் கூடாது. ஒரு மருந்தில் கோளாறு என்று தெரிந்தால் வாங்கியவரை எப்படிப் பிடிப்பது?

"நம்பர் கேட்டா எல்லாரும் முறைக்கிறாங்க சார்" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"கேக்குற விதத்துல கேளும்மா" என்றேன். அத்தோடு அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

பரிசோதனையின் இரண்டாம் நாள் கடையில் நிற்க இடமில்லை. வயல்களில் நேரடியாக விதைத்த நெல்லில் பூச்சி விழுந்திருந்தது, கூட்டம் பூச்சிமருந்துக்குத்தான். என் போனில் விடாமல் மெசேஜ். திறந்து பார்த்தால் எல்லாம் கடையின் பில் விவரம். மேற்பார்வையாளர் என்ற மரியாதைக்கு எனக்கும் நகல் வருகிறது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். நடுவில் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தது. கட் செய்தேன். மறுபடியும் வந்தது, கட் செய்தேன். மூன்றாவது முறை அந்த எண்ணையே பிளாக் செய்துவிட்டு, தெரியாத நம்பரை எடுக்கிறவன்தான் ஏமாறுகிறான் என்று மாப்பிள்ளைக்கு ஒரு சிறிய உரையும் ஆற்றினேன். அவர் ஒரு உர மூட்டைக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

மதியம் கூட்டம் குறைந்தது. ஒருவர் வாங்கிய பூச்சிமருந்துக்கு விழுந்த பில்லை மாப்பிள்ளை கையில் வாங்கிப் படித்தார். 'டேங்குக்கு' இத்தனை மில்லி என்று இருந்தது. சரிதான். ஏதோ தோன்ற, கம்ப்யூட்டரில் களைக்கொல்லிப் பக்கத்தைத் திறந்தார். அவர் முகம் மாறியது.

"மச்சான், இங்க வாங்க."

பூச்சிமருந்துக்கு டேங்க் கணக்கு. தெளிப்பானின் பத்து லிட்டர் டேங்குக்கு இவ்வளவு என்று கலப்பார்கள். களைக்கொல்லிக்கு ஏக்கர் கணக்கு. ஒரு ஏக்கருக்குப் பத்து டேங்க் பிடிக்கும், ஒரு பாட்டிலை அந்தப் பத்துக்கும் பிரித்து ஊற்ற வேண்டும். டெமோ இளைஞர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'டேங்குக்கு' என்று ஒரே தட்டாகத் தட்டியிருந்தார். அந்தப் பட்டியலைச் சரிபார்த்தவன் நான். வரி விகிதத்தில் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

பில்லை நம்பி ஒருவர் முழு பாட்டிலையும் ஒரே டேங்கில் ஊற்றினால் மருந்து பத்து மடங்கு. களையும் சாகும், நெல்லும் கருகும். புரட்டாசியில் கருகினால் மறுபடி விதைத்து எழுப்ப அந்த வருடம் நேரமில்லை.

"எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?" என்று கேட்டேன்.

களைக்கொல்லியில் அந்த இரண்டு நாளில் போனது ஒரே ஒரு பாட்டில், அதுவும் அந்த வாரம்தான் வந்த புதுச் சரக்கு. அன்று காலையிலேயே விற்றிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்காகத்தானே நம்பரைக் கட்டாயமாக்கினேன்! "வாங்குனவங்க நம்பரை எடும்மா" என்றேன்.

அந்தப் பெண் எடுத்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அது என் நம்பர்.

அதற்கு முந்தைய பில்லிலும் என் நம்பர். அதற்கும் முந்தையதில் அதே. "டெமோ அன்னிக்கு உங்க நம்பரைத்தான் சார் போட்டுக் காட்டுனாங்க. கூட்டம் நிக்குது, யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நம்பர் இல்லாம பில்லு விழலை..." என்று விசும்பினாள். கம்ப்யூட்டர் கணக்குப்படி அன்று மன்னார்குடி வட்டாரத்திலேயே பெரிய விவசாயி நான்தான்.

"அழாதம்மா. வாங்குனது யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு அக்கா சார். ஸ்கூட்டில வந்தாங்க. வயல்ல தண்ணி வடிச்சாச்சு, இன்னிக்கே அடிச்சிடணும்னு அவசரப்படுத்துனாங்க."

எந்த ஊர் என்று தெரியாது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடித்து முடிக்கத்தான் எவரும் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். வடுவூர் பக்கமா, திருத்துறைப்பூண்டி பக்கமா? எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். திரும்பி வந்து, அந்த பில்லை இன்னொரு முறை அச்சடித்துப் பார்த்தார். பரிசோதனை பில் என்பதால் தலைப்பில் 'உங்கள் கடையின் பெயர்' என்றுதான் இருந்தது. கடையின் போன் எண் இல்லை. அடியில், வாங்குபவர் என்று போட்டு, என் எண்.

"இதுல இருக்கறதே ஒரே நம்பர்தான், மச்சான். அதுவும் உங்களோடது. அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருந்தா இதுக்குத்தான் போன் அடிச்சிருப்பாங்க. காலையில ஏதாச்சும் கால் வந்துச்சா?"

நான் போனை எடுத்தேன். என் உரையை அவர் கேட்காத மாதிரி இருந்தாரே தவிர, கேட்டிருக்கிறார்.

பிளாக் செய்த எண் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. கல்லாப் பெண்தான் போனை வாங்கி எடுத்துக் கொடுத்தாள். அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன்.

"காலையிலேருந்து அடிக்கிறேன், கட் பண்ணிட்டே இருக்கீங்க. என்ன கடை நடத்துறீங்க நீங்க?" என்று ஒரு பெண் குரல் பொரிந்தது. பின்னால் ஸ்பிரேயர் பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, மருந்து அடிக்காதீங்க!"

"அடிச்சிக்கிட்டிருக்காருங்க."

"நிறுத்தச் சொல்லுங்க! பில்லு தப்பு. நிறுத்துங்க!"

அந்தப் பெண்மணி வாயருகில் இருந்து போனை எடுக்காமலே வயலைப் பார்த்துக் கத்தினார். காற்றில் அந்தக் கத்தல் எங்கோ போனது. இரைச்சல் நிற்கவில்லை. மறுபடி கத்தினார். சேற்றில் ஓடும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ பதில் கடிதங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். அந்தச் சில நொடிகளைப் போல் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு இரைச்சல் நின்றது.

மாப்பிள்ளை போனை வாங்கி ஊரைக் கேட்டார். இருவரும் பைக்கில் போனோம். குத்தகை நிலம், மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அந்தப் பெண்மணி போட்ட கணக்கு நியாயமானது. டேங்குக்கு ஒரு பாட்டில் என்றால் பத்து பாட்டில் அல்லவா வேண்டும், கடையில் ஒன்றுதானே கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. மருந்தடிக்க வந்தவருக்கும் அந்த மருந்து புதிது. "கம்ப்யூட்டர் பில்லு, அக்கா, தப்பா இருக்குமா? மழை வந்துடும். களை அதிகமா இருக்கற மூலையில மொதல்ல அடிப்போம், மீதியை வாங்கியாங்க" என்று சொல்லி ஆரம்பித்திருக்கிறார்.

ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. மருந்து நீர்த்துப்போக அதில் உடனே தண்ணீரைக் கட்டினார்கள். டேங்கில் இருந்த மீதியைப் பிரித்து, டேங்குக்கு ஒரு லிட்டராகத் தண்ணீரில் கலந்து, மற்ற இடத்துக்கு மாப்பிள்ளை கூடவே நின்று அடிக்கச் செய்தார். நான் வரப்பில் நின்றேன். அங்கே எனக்குத் தெரிந்த நடைமுறை எதுவும் இல்லை. மழை இருட்டிய பிறகுதான் வந்தது.

அந்த மூலை பழுத்து, காய்ந்துபோனது. ஒரு அறை அளவு இருக்கும். நெருக்கமாக முளைத்த இடத்தில் இருந்து பயிரைப் பிடுங்கி அங்கே நட்டார்கள், ஆள்கூலி மாப்பிள்ளையுடையது. வயல் பிழைத்தது. தைக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பெண்மணி கடைக்கு வந்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளையிடம், "எங்கங்க அந்த போன் எடுக்காத சார்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். சிரித்துவிட்டு, தன் நம்பரை கல்லாவில் தானாகவே சொன்னார்.

அளவுப் பட்டியலை மாப்பிள்ளை திருத்திய பிறகு, அந்த சிஸ்டத்தையேதான் வாங்கினோம். நம்பர் இப்போது கட்டாயம் இல்லை, எதற்காகக் கேட்கிறோம் என்று சொன்னால் பாதிப் பேர் தருகிறார்கள். கடையின் எண் பில்லின் தலையில் பெரிதாக இருக்கிறது. நானும் எந்த எண்ணில் இருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கிறேன். கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள், மனை விற்பவர்கள் எல்லோரிடமும் "சொல்லுங்க" என்கிறேன். எதிர்முனையில் ஆள் பேசத் தொடங்கும்வரை ஒரு நொடி மௌனம் இருக்குமே, அதில் இன்றைக்கும் எனக்குக் கேட்பது அந்த பம்பின் இரைச்சல்தான்.