பதின்மூன்றாம் சீட்டுக்குப் பெயர் கிடையாது

மார்செயில் நகரத்தில் பனியே மேட்டுக்கு வந்து தித்தீன் கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் அன்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கியிருப்பார். மூன்று இஸ்திரிக் கடை, மூன்றும் என் பெயரில். பலகையில் பத்திஸ்தீன் லுசியானி என்று முழுசாக எழுதியிருக்கும். வாயில் வருவது தித்தீன்தான். கோர்சிகாத் தீவிலிருந்து ஒன்பது வயதில் ஒரு துணி மூட்டையோடு வந்தவள் நான். பள்ளிக்கூடம் என்னை இரண்டு குளிர்காலம் பார்த்தது. அதற்குள் அதற்கும் போதும் எனக்கும் போதும் என்றாகிவிட்டது. பதினோரு வயதில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். போர்க்காலத்தில், 1943-இல், ஜெர்மன்காரன் துறைமுகத்தை ஒட்டிய கீழ்த்தெருக்களை வெடி வைத்துத் தகர்த்தபோது என் முதல் கடையும் மண்ணோடு போயிற்று. மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே நான் மேட்டுத் தெருவில் வாடகைக்குப் பிடித்த ஒரு சமையலறையில் மேசை போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். யாரும் உதவவில்லை. அதனால் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

சட்டை கொடுக்க வருகிற பெண்கள் சட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. காலரைப் பார்த்தாலே பாதிக் கதை எனக்குத் தெரிந்துவிடும். மீதிக் கதைக்குத்தான் குறி பார்க்கிற டாரோ சீட்டு. சூடு ஆறாத மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு மூன்று சீட்டைப் போடுவேன், பேசுவேன். சீட்டுப் பார்த்ததற்குக் காசு வாங்கியதில்லை. சட்டைக்கு வாங்காமல் விட்டதில்லை.

எங்கள் ஊர்ச் சீட்டில் பெரிய சீட்டு இருபத்திரண்டு. ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பெயர் எழுதியிருக்கும்: மகாராணி, தேர், நீதி, நிலவு என்று. பதின்மூன்றாவதில் மட்டும் ஓர் எலும்புக்கூடு அரிவாளோடு நிற்கும். அதன் காலடிக் கட்டம் காலி. எங்கள் பாட்டன்களுக்கும் பாட்டன்கள் காலத்திலிருந்து அது காலிதான்.

அது ஏன் காலியாக இருக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியவள் லூசெத். சுங்கக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவனின் மனைவி. நல்ல கோடையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சட்டைக்குள் கையில் என்ன காயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. சீட்டைப் போட்டேன். பதின்மூன்று விழுந்தது.

"அக்கா, இது என்னது? பேரே இல்லையே?"

"இருந்தா போட்டிருக்க மாட்டாங்களா?"

"சாவா?"

"அரிவாள் வெச்சிருக்காரு, எதையோ வெட்டுறாரு. எதைன்னு நீதான் சொல்லணும்."

நான் மூன்று சட்டைகளை இஸ்திரி போட்டு முடிக்கும்வரை அவள் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள், பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தூலோன் ரயில் ஏறினாள். மறுவாரம் புருஷன்காரன் கடைக்கு வந்து கத்தினான்.

"எங்கடி அவ?"

"சட்டை ரெடி. பொண்டாட்டியை நீ என்கிட்ட குடுத்துட்டுப் போகல."

அந்தக் கட்டத்தில் 'மரணம்' என்று எழுதியிருந்தால் அவள் மயங்கி விழுந்து, எழுந்து, பயத்தில் அவனிடமே திரும்பிப் போயிருப்பாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்றாவது குளிர்காலப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

என் பழைய சீட்டு நீராவியில் ஊறி ஊறி, ராஜா யார் ராணி யார் என்று எனக்கே புரியாத நிலைக்கு வந்தபோது, புதிதாக வாங்கலாம் என்றார் என் கணவர் தூசான். எதற்கு வாங்க வேண்டும்? நானே உண்டாக்குவேன் என்றேன். எங்கள் மாடியறையில் ஃபோர்த்துனே என்று ஒருவர் குடியிருந்தார், படகுகளுக்குப் பெயர் எழுதும் ஓவியர். நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். 'தலைகீழாய்த் தொங்குபவன்' சீட்டில் அவன் எங்கள் சந்தில் இரண்டு ஜன்னலுக்கு நடுவே, காயப்போட்ட கால்சட்டைகளோடு தொங்கினான். நட்சத்திரச் சீட்டில் ஒரு பெண் துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். இடிந்து விழும் கோபுரச் சீட்டுக்கு எங்கள் கீழ்த்தெருவையே வரையச் சொன்னேன். அதை வரைந்த நாளில் அவர் சாப்பிடவில்லை.

பதின்மூன்றாவதை முடித்ததும் அவர் கை அந்தக் காலிக் கட்டத்தைச் சுற்றியே வந்தது.

"பேரில்லாம ஒரு படகைக்கூட நான் தண்ணியில விட்டதில்ல, தித்தீன்."

"இது படகில்ல. தூரிகையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."

அந்தக் கோடையில் பாரிஸிலிருந்து ஒருவர் வந்தார். தெலெஸ்தான் என்று பெயர். ரயிலில் கசங்கிய கால்சட்டையை உடனே இஸ்திரி போட வேண்டும் என்று, கடைத் திரைக்குப் பின்னால் காலுறையும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். திரை ஓரமாக எட்டிப் பார்த்தவர் மேசையில் காய்ந்துகொண்டிருந்த ஓவியங்களைக் கண்டார். கால்சட்டை இல்லாமலே வெளியே வந்துவிட்டார். சீட்டும் விளையாட்டுச் சாமானும் வெளியிடுகிற பதிப்பகமாம் அவருடையது. இப்படி ஒரு சீட்டை இருபது வருஷமாகத் தேடுகிறேன் மதாம் என்றார். கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றேன். பெட்டியின் மேல் என் பெயர் வரும், பிரான்ஸ் முழுக்க விற்கும் என்றார். ஓவியங்களைக் கொடுத்தனுப்பினேன்.

பிறகென்ன, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். மீன்காரியிடம், பாதிரியாரிடம், தபால்காரரிடம். நல்ல விஷயத்தை மூடி வைப்பது என் பழக்கமில்லை.

அடுத்த வசந்தகாலத்தில் தெலெஸ்தான் சோதனை அச்சோடு வந்தார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உண்டாக்கியவர் அந்தத் தாளைப் பார்த்து 'இப்படியே அச்சடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் இயந்திரம் ஓடும். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கக் கடை கொள்ளாத கூட்டம். தூசான் சோம்பு மதுவும் ஆலிவ் காய்களும் எடுத்து வைத்திருந்தார். தெலெஸ்தான் இஸ்திரி மேசையில் தாளை விரித்தார். நிறமெல்லாம் அப்படியே இறங்கியிருந்தது. பெண்கள் 'ஆ' என்றார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை ஒளிக்கவில்லை.

பதின்மூன்றாவதுக்கு வந்தேன். காலிக் கட்டத்தில் சுருள் சுருளான எழுத்தில் அச்சாகியிருந்தது: 'புதுப் பிறவி.'

"இது யாரு எழுதினது?"

"நாங்கதான், மதாம். இந்தக் காலத்து ஜனங்க இந்தப் படத்தைப் பார்த்தாலே சாவுன்னு பயப்படுறாங்க. கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டும்னு..."

"சாவுன்னு நான் எங்க எழுதினேன்?"

"எழுதல. ஆனா ஒண்ணுமே எழுதலைன்னா கடைக்காரங்க அச்சுப் பிழைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். எடுங்க அதை."

தூசான் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தார். "ஏண்டி, ஒரு வார்த்தைதானே? போட்டுத் தொலையேன். எல்லாரும் நிக்கிறாங்க."

"உன் கல்லறையில 'புதுப் பிறவி'ன்னு எழுதி வெக்கட்டுமா? எழுதினா எந்திரிச்சு வந்துடுவியா?"

கூட்டம் சிரித்தது. தெலெஸ்தானும் சிரித்தார். கெட்டவர் இல்லை, விற்கத் தெரிந்தவர். அவ்வளவுதான்.

"சரி மதாம், அது பிடிக்கலைன்னா வேற போடலாம். 'மாற்றம்'? 'பயணம்'?"

"பயணம்! டிக்கெட்டும் நீங்களே எடுத்துக் குடுப்பீங்களா? முசியே, என் முன்னால ஒருத்தி உக்காந்து இந்தச் சீட்டைப் பார்க்குறா. அவ மனசுல எது இருக்கோ அது அவ வாயில வரணும். நீங்க முன்கூட்டியே எழுதி வெச்சுட்டா அவ அதைப் படிச்சுட்டு 'சரிக்கா'ன்னு எந்திரிச்சுப் போயிடுவா. அப்புறம் நான் எதுக்கு, சீட்டு எதுக்கு?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா இந்தச் சீட்டு வெளிய வராது, மதாம். பாரிஸ்ல வேற யாரும் தொடவும் மாட்டாங்க. யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். பிரான்ஸ் முழுக்க என் பெயர். இரண்டு குளிர்காலம் படித்தவளின் பெயர் கடைக் கண்ணாடிகளில். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. கூட்டத்தில் ஓரமாக நிற்கும் பெண்களைப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சீட்டைப் போட்டிருக்கிறேன்! ஒவ்வொருத்தியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்தாள். ஒருத்திகூட 'புதுப் பிறவி' என்று சொன்னதில்லை.

அடுப்பிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். ஈரத்துணி போடாமல் அந்தச் சுருள் எழுத்துகளின் மேல் நேராக வைத்தேன். புகை வந்தது. எடுத்தபோது தாளில் பெட்டியின் மூக்கு அச்சாகப் பழுப்பாய்ப் பதிந்திருந்தது.

"இதுதான் என் கையெழுத்து, முசியே. கொண்டுபோங்க."

அவர் போனார். கெட்டவர் இல்லை என்றேனே, ஓவியங்களைத் தபாலில் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். தூசான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடையில் வேலை நன்றாக நடந்தது.

ஒரு மனிதன் மாட்டேன் என்று சொன்னால் ஊரே மாட்டேன் என்று சொன்னதாகிவிடுமா? ழோலியெத் துறையருகே ஹகோப் தெர்சியான் என்ற ஆர்மேனியர் அச்சகம் வைத்திருந்தார். குத்துச்சண்டைச் சுவரொட்டி அடிப்பவர். அவர் சட்டையில் மை போகவே போகாது. அதற்காக என்னிடம் திட்டு வாங்கி வாங்கி என்மேல் அவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஓவியங்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"அடிக்கலாம். ஆனா என்கிட்ட சுவரொட்டித் தாள்தான் இருக்கு, தித்தீன். சீட்டு நிக்காது. தும்மினா பறந்துடும்."

"நிக்க வெக்கிறது என் வேலை. நீ அடி."

"இந்தப் பதின்மூணாவதுல என்ன எழுத்துக் கோக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"இல்ல, மறந்துட்டீங்களோன்னு கேட்டேன். சுவரொட்டியில ஒரு பேரு விட்டுப்போனா அந்தக் குத்துச்சண்டைக்காரன் நேரா வந்து என்னையே குத்துவான்."

"இந்த எலும்புக்கூட்டுக்காரரு வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு."

முதுகெலும்பில்லாத எத்தனையோ ஆண்களின் காலரை நிமிர்ந்து நிற்க வைத்தவள் நான். ஒரு தாளை நிற்க வைக்க மாட்டேனா? நாலு தாளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கஞ்சி போட்டு ஒட்டினேன். பாரம் வைத்து அழுத்தினேன். மேலே சவுக்காரம் தடவி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். சீட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. சுண்டினால் 'டக்' என்றது. தெருப் பெண்கள் தையல் கத்தரிக்கோலோடு வந்து வெட்டினார்கள். அன்றைக்குக் கூலி, ஒவ்வொருத்திக்கும் ஒரு வாரத்துணி இலவசம். ஃபோர்த்துனே பெட்டிகளின் மேல் என் பெயரை எழுதினார், கப்பலில் எழுதுகிற மாதிரி பெரிசாக. அவர் கைக்கும் அரிப்புத் தீர்ந்தது.

புகையிலைக் கடைகளிலும் துறைமுகத்துப் புத்தகக் கடையிலும் வைத்தோம். விற்றது. ஒரு மாதம் கழித்துப் புகையிலைக் கடைக்காரர் ஒரு பெட்டியோடு வந்து நின்றார்.

"மதாம் லுசியானி, உங்க மகாராணிக்குத் தலையைக் காணோம்."

கரப்பான்பூச்சி தின்றிருந்தது. கஞ்சி அல்லவா! தேருக்குச் சக்கரம் போயிருந்தது, நிலவு தேய்ந்தே போயிருந்தது. தூசான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாரிஸ்காரன் சீட்டைப் பூச்சி தின்னுமாடி?"

"பூச்சிக்கே என் சீட்டு பிடிச்சிருக்கு, பாத்தியா!"

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, கெட்டுப்போன ஒவ்வொரு பெட்டியையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்தேன். அடுத்த கஞ்சியில் படிகாரமும் கிராம்பும் போட்டுக் காய்ச்சினேன். பிறகு ஒரு பூச்சி கிட்ட வரவில்லை. இருட்டிலும் மூக்கை வைத்தே என் சீட்டைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள். பூச்சி தின்றது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பதின்மூன்றாவதில் பெயர் இல்லை என்று ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. சிலர் பென்சிலால் தாங்களே ஏதோ எழுதிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. அது அவரவர் பாடு.

இரண்டு வருஷம் போனது. ஒரு சனிக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரம், வரிசைக் கடைசியில் தெலெஸ்தான் நிற்பதைப் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை. அவர் முறை வரும்வரை நின்றார்.

"மதாம், உங்க சீட்டை பாரிஸ்ல பார்த்தேன். ரெண்டு மூணு பேர் கையில. பதிப்பகத்துல பேசிட்டோம். பதின்மூணாவதுல பேரில்லாமலே போடலாம்னு முடிவாயிடுச்சு."

"அது ரொம்ப நாளுக்கு முன்னாலயே முடிவாயிடுச்சு, முசியே. உங்களுக்கு இப்பத்தான் சேதி வந்திருக்கு."

"அப்ப கையெழுத்து..."

"எதுக்கு? அச்சடிக்க ஹகோப் இருக்காரு, ஒட்ட நான் இருக்கேன், வெட்ட இந்தத் தெரு இருக்கு. பெட்டியில என் பேரும் இருக்கு. உங்ககிட்ட எனக்கு வேண்டியது என்ன பாக்கின்னு நீங்களே சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் வந்து நின்ற பெண்கள் சட்டைகளைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு அவசரப்பட்டார்கள். அவர் என் சீட்டுப் பெட்டிகள் இருந்த அலமாரியைக் காட்டினார்.

"சரி. ரெண்டு பெட்டி குடுங்க. பதிப்புத் தொழில் பண்றவங்களுக்குத் தள்ளுபடி உண்டா?"

"பன்னிரண்டு சட்டை குடுத்தா ஒண்ணுக்குக் காசில்ல. சீட்டுக்கு அப்படியெல்லாம் கிடையாது."

முழு விலை கொடுத்தார். நான் அடுத்த சட்டையை மேசையில் விரித்தேன்.