இருமல் இல்லாத வீடு

வருடா வருடம் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்பது என் வேலை. என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான் மருத்துவ முகாம் எங்கே போடுவது என்று முடிவு செய்வார்களாம்.

இன்று செம்மங்குப்பத்தில் ஒரு அக்கா வீடு. நான்காவது வருடமாகப் போகிறேன்.

"போன மாசம் வீட்ல யாருக்காவது இருமல் இருந்துச்சாக்கா?"

"இல்லன்னு எழுதிக்கோம்மா."

உள்ளே அவர் கணவர் இருமிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமான்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரி, என்னா மாத்திர, எவ்ளோ செலவுன்னு கேட்டுக்கினே இருப்ப. இல்லன்னா அடுத்த பக்கத்துக்குப் போயிடுவ. வருசா வருசம் பாக்குறேனே. எனக்கு வேலைக்கு நேரமாவுது."

இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். அதே பதில். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பக்கத்து வீட்டிலும் 'இல்லை'தான். அவர்களுக்கும் இது நான்காவது வருடம்.

தெருமுனை வரை இருமல் கேட்டது.

இந்த ஊரில் இருமல் குறைந்துவிட்டது என்று ஏதாவது அறிக்கை கண்ணில் பட்டால் என்னையும் டேக் செய்யுங்கள். குறைத்தது நானும் அந்த அக்காவும்தான்.