பேர் இல்லாத பட்டன்கள்

ராயபுரத்தில் ஜானட்டைத் தெரியாதவர்கள் குறைவு. கண் தெரியாதவள் என்பதால் என்று நினைத்தால் தப்பு, வாயால்தான் அவள் பிரபலம். காசிமேட்டு மீன்காரி வஞ்சிரத்தை எடுத்து நீட்டினால் செவுளை விரலால் தொட்டு, முகர்ந்து, "இது முந்தாநாளே செத்துச்சி. இன்னிக்கி வெல சொல்றியே, இன்னா நாயம் இது?" என்று கேட்கிறவள். பார்வை எப்படிப் போனது என்று யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரித்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். "சின்ன வயசுல ஜொரம் வந்துச்சி, பூட்ச்சி. போம்போது கண்ணயும் இட்டுகினு பூட்ச்சி. அப்பறம், வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அவளுக்கு வேலை, சர்ச்சுக்குப் பின் தெருவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சர்க்கரை நோய் கிளினிக்கில். போன் வந்தால் எடுத்துப் பேசி, யார் எந்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஒரு காதில் நோயாளி, மறு காதில் கம்ப்யூட்டர். திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்ல அதில் ஒரு மென்பொருள் உண்டு, ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். சளி பிடித்த மூக்குக் குரல் அதற்கு. ஜானட் அதை விரட்டுகிற வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல் பிடிபடாது. "கடுகு பொரியிற சத்தம்" என்பான் அவள் புருஷன் பென்னி.

பென்னி காசிமேடு துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். விடியும் முன்னே போவான், வெயில் ஏறியதும் திரும்பி வந்து, சாப்பிட்டு, மதியமெல்லாம் தூங்குவான். கல்யாணமான புதிதில் அவனுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. ஜானட் வீட்டில் வைத்திருக்கும் லேப்டாப்பில் திரை எப்போதும் இருட்டாகவே கிடக்கும். பார்க்க ஆளில்லாத வெளிச்சத்துக்கு எதற்குப் பேட்டரியைக் கொட்டி அழுவது என்று அவள் அணைத்து வைத்திருப்பாள். இது பென்னிக்குத் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ஜானட்டு, அது ஆஃப் ஆயி கீது. நீ பாட்டுக்கு தட்டிகினே கீற."

"நீகூடத்தான் தூங்கசொல்ல கண்ண மூடிகினு கீற. செத்தா பூட்ட?"

அதிலிருந்து அவன் லேப்டாப் விஷயத்தில் தலையிடுவதில்லை.

வம்பு கிளினிக் கம்ப்யூட்டரில் வந்தது. நோயாளிகளுக்கு நேரம் குறிக்க அங்கே ஒரு இலவச மென்பொருளை வைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது. உலகத்தின் நாலு மூலையிலும் இருக்கிற ஆட்கள் தங்கள் பிழைப்பு போக மிச்ச நேரத்தில் சேர்ந்து செய்வது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த வருடம் வந்த புதுப் பதிப்பில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு அழகின்மேல் ஆசை வந்துவிட்டது. 'சேமி', 'ரத்து' என்று எழுத்தில் இருந்த பட்டன்களை எடுத்துவிட்டுக் குட்டிக் குட்டிப் படங்களை வைத்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு ஜோராக இருந்ததாம். படத்துக்குப் பின்னால் அதன் பெயரை எழுதி வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். பெயர் எழுதாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் எதைப் படித்துச் சொல்லும்? ஜானட்டின் காதில் விழுந்ததெல்லாம் "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்பதுதான்.

நர்ஸ் சபீஹாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். முதலாவது ரத்து, இரண்டாவது சேமி என்று அவள் பார்த்துச் சொன்னாள். ஜானட் மனப்பாடம் செய்துகொண்டாள், கொஞ்ச நாள் வண்டி ஓடியது. பிறகு ஒரு காலையில், எவரும் சொல்லாமல் கொள்ளாமல், இன்னொரு சின்னப் பதிப்பு தானாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. வரிசைக்கு முன்னால் புதிதாக ஒரு படம் நுழைந்துவிட்டது. ஜானட் எப்போதும்போல இரண்டாவதை அழுத்தினாள். நிச்சயமா என்று அது கேட்டது. தினமும் கேட்கிற கேள்விதானே, ஆமாம் என்றாள். அவள் அழுத்தியது ரத்து. அன்று காலை போனில் பேசிய எல்லோருடைய பெயரும் போன இடம் தெரியாமல் போனது.

குறித்த நாளில் ஆட்கள் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது; பக்கத்துத் தெருக்காரர்களைச் சமாளித்துவிட்டார்கள். திருமுருகனை முடியவில்லை. எண்ணூர்க்காரர், வயதானவர். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்ததால் டீத்தண்ணிகூடக் குடிக்காமல் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர்ந்தார். பட்டியலில் அவர் பெயரே இல்லை. கேட்டு, விளக்கி, மறுபடி கேட்பதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிட்டது, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சபீஹா ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு வெறும் வயிற்றுப் பரிசோதனை ஏது? வந்தது வீண். போகும்போது அவர் சத்தம் போடவில்லை. "கண்ணு தெரியாதவங்கள இந்த வேலைல வெச்சா இப்படித்தான் ஆவும்" என்று களைப்போடு சொல்லிவிட்டுப் போனார்.

ராயபுரமே அஞ்சும் வாய் அன்று போனில் வந்தவர்களிடம் நாளும் நேரமும் மட்டும் கேட்டது. அவருக்குத் தலை சுற்றியது அவள் அழுத்திய பட்டனால்தானே. அவளுக்கு அவமானமாக இருந்தது.

நிர்வாகி மனோகரன் கெட்ட மனிதர் கிடையாது. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"உன்மேல தப்பில்லம்மா, எனக்குத் தெரியும். ஆனா ட்ரஸ்ட்ல என்னைத்தான் கேக்குறாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுவரைக்கும் நீ பதியறத சபீஹா ஒரு வாட்டி பாத்துடட்டும். சரி ஆவலன்னா உன்ன வாசல்ல டோக்கன் குடுக்கப் போட்டுடறேன். சம்பளத்துல ஒண்ணும் கொற வராது."

சம்பளம் குறையாது, சரி. வாசலில் நின்று டோக்கன் நீட்டத்தான் இத்தனை படித்தாளா? அந்த நாற்காலி அவள் தேடிப் பிடித்தது, போனில் பேசிப் பேசித் தனதாக்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் "சபீஹா, கொஞ்சம் வரியா?" என்று கூப்பிட வேண்டியிருந்தது. சபீஹா முகம் சுளிக்காமல் ஊசியும் கையுமாக வந்து பார்ப்பாள், "சரியா இருக்கு ஜானட்" என்பாள். அந்த நல்ல குணம்தான் ஜானட்டுக்குத் தாங்கவில்லை.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு எழுதிப் போட்டாள். போர்ச்சுகலில் இருந்து ஹென்ரிக் என்று ஒருவர் பதில் எழுதினார். நீங்கள் சொல்வது சரி, மன்னியுங்கள், ஆனால் நாங்கள் நாலைந்து பேர்தான், கையில் வேலை மலையாகக் கிடக்கிறது, மாதக் கணக்கில் ஆகலாம், திருத்த வேண்டிய இடம் இதுதான், நீங்களே முயன்று பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தார்.

"வூடு ஒழுவுதுன்னு சொன்னா, ஏணி அங்க கீது, நீயே ஏறி ஓட்ட மாத்திக்கோன்றான்" என்று பென்னியிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஏறத் தெரியுமா உனக்கு?" என்றான் பென்னி, சோற்றைப் பிசைந்தபடி.

கொஞ்சம் தெரியும். பார்வையற்றவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பில் இணையப் பக்கம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு அதைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு பெயரை எழுதிச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சொல்ல எளிது. அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஒருமுறை எதையோ தட்டி முழுப் பக்கமும் வாயடைத்துப் போய், முதலில் இருந்து ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்து உட்காருவாள், பென்னியின் குறட்டையும் தெருமுனை லாரிகளின் ஹாரனும் பக்கவாத்தியம். ஒரு சாயங்காலம் அந்த மூக்குக் குரல் "சேமி, பட்டன்" என்றது. ஜானட் பின்னால் போய் மறுபடி வந்தாள். "சேமி, பட்டன்." சந்தோஷம் தாங்காமல் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சப் பட்டன்களுக்கும் பெயர் வைத்தாள். சேமித்தால் சேமித்தேன் என்று வாய் திறந்து சொல்லவும் வைத்தாள்.

அனுப்பப் போனால் அங்கே ஒரு விதி. திருத்துவதற்கு முன் திரை எப்படி இருந்தது, திருத்திய பின் எப்படி இருக்கிறது, இரண்டுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அப்போதுதான் பரிசீலிப்பார்களாம். ஜானட் திரைக்கு வெளிச்சம் கொடுத்து, இரண்டு படத்தையும் எடுத்து, பென்னியை எழுப்பினாள்.

"படம் சரியா வந்து கீதா பாரு."

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. எத்த மாத்தன நீ?"

"அதெல்லாம் உனக்குத் தெரியாது. தூங்கு."

அனுப்பிவிட்டாள். அங்கிருந்தும் அதே கேள்விதான் வந்தது. சரிபார்க்கிற இன்னொரு ஆள், இரண்டு படங்களிலும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, விளக்கம் வரும்வரை நிறுத்தி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். மாதம் முடியப் போகிறது. ஜானட்டுக்கு உச்சந்தலையில் ஏறியது கோபம். படபடவென்று தட்டிப் பெரிய பதிலாக எழுதினாள், அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், மொத்தத்தையும் அழித்தாள். திட்டி வாங்கிவிட முடியுமா இதை? அந்த ஆள் கண்ணால் தேடுகிறார், அது அங்கே இல்லை. மாறியது காதுக்குள்.

போனை எடுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவை ஓட விட்டாள். கண்ணுள்ளவர்களுக்குப் புரியட்டும் என்று ஸ்க்ரீன் ரீடரின் வேகத்தை மாட்டு வண்டி அளவுக்குக் குறைத்தாள். முதலில் பழைய பக்கம். "பட்டன்... பட்டன்... பட்டன்..." கட்டிலில் இருந்து பென்னி புரண்டு படுத்து எரிச்சலோடு கேட்டான்.

"இன்னாத்துக்கு அது பட்டன் பட்டன்னு கத்திகினு கீது? அதுங்களுக்குப் பேரு கெடயாதா?"

பதிவு கெட்டுவிட்டதே என்று அவனை நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். புதிய பக்கத்தையும் பேச வைத்துப் பதிந்தாள். பிறகு முதல் பதிவை ஓட விட்டுக் கேட்டாள். லாரி ஹாரன், குக்கர் விசில், பட்டன் பட்டன், நடுவே தூக்கக் குரலில் பென்னி. வெட்டி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நடுவில் பேசுவது என் கணவர் பென்னி, இந்தப் பட்டன்களுக்குப் பெயர் கிடையாதா என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, இரண்டையும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஹென்ரிக்கே எழுதியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தான் செய்த மென்பொருளில் தானே 'சேமி'யைத் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லையாம். உங்கள் கணவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை, அவரிடம் சொல்லுங்கள் என்று எழுதி, அவள் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். விதியையும் மாற்றினார்கள். இனி படம் வைக்கலாம், ஒலியும் வைக்கலாம். அடுத்த பதிப்போடு வந்த குறிப்பில் திருத்தியவர் ஜானட் என்று இருந்தது, அதற்குக் கீழே சோதித்தவர் பென்னி, ராயபுரம் என்று இருந்தது.

"நான் தூங்கிகினுதானே இருந்தேன்" என்றான் பென்னி.

"தூக்கத்துலயே உனக்கு வெளங்கிச்சி பாரு" என்றாள் ஜானட். அதற்கு மேல் அவனைப் புகழ்வது அவளுக்குப் பழக்கமில்லை.

மாதக் கடைசி வாரத்தில் மனோகரன் புதிய பதிப்பைக் கிளினிக்கில் ஏற்றினார். சபீஹா பழக்கதோஷத்தில் சிலமுறை வந்து எட்டிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது, தன் ஊசிகளிடம் போய்விட்டாள். ஒரு நாள் கூட்டம் குறையும் நேரத்தில் ஒரு போன் வந்தது.

"எண்ணூர்லேர்ந்து திருமுருகன் பேசறேன். ரத்தம் குடுக்க வரணும். யாரும்மா பேசறது?"

"ஜானட்டுங்க."

"அன்னிக்கி இருந்த கண்ணு தெரியாத பொண்ணா?"

"அதே பொண்ணுதாங்க. இன்னிக்கும் தெரில."

"தப்பா நெனைக்காதம்மா. பக்கத்துல வேற யாராச்சும் இருந்தா குடேன்."

சபீஹாவைக் கூப்பிட்டால் வருவாள், கூப்பிட்டால் முடிந்துவிடும். ஜானட் கூப்பிடவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, வேகத்தைக் குறைத்து, அவர் பெயரையும் நாளையும் பதிந்தாள். போனைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தாள். மூக்குக் குரல் நிதானமாகப் பேசியது.

"ரத்து, பட்டன். சேமி, பட்டன்." ஜானட் அழுத்தினாள். "திருமுருகன். எண்ணூர். செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. சேமிக்கப்பட்டது."

"கேட்டுச்சுங்களா?"

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

சொல்ல வைத்தாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"என் பேர சொல்லுதேம்மா."

"ஆமாங்க. செவ்வாக்கெழம வெறும் வயித்துல வாங்க. வந்து ஒக்காந்த ஒடனே எடுத்துடுவாங்க, காக்க வைக்க மாட்டோம்."

"வரேன்" என்றார். வைத்துவிட்டார் என்று ஜானட் நினைத்த நேரத்தில் மறுபடி அவர் குரல் வந்தது. "அன்னிக்கி நீ இருப்ப இல்ல?"

"இருப்பேங்க" என்றாள் ஜானட். "இதே சீட்டுலதான் இருப்பேன்."