அப்பா மடக்கிய கால்

வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து மிளகு உருவிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி மகள் என் காலுக்கு முன்னால் நின்று, "எக்ஸ்கியூஸ் மீ பெரிம்மா" என்றாள். பச்சை மிளகு வாசனையோடு அந்த வார்த்தையும் சேர்ந்ததில், பழைய எரிச்சல் மூக்கில் ஏறியது.

அப்பாவும் இதே வாசலை அடைத்து உட்கார்ந்துதான் மிளகு உருவுவார். காளப்பநாயக்கன்பட்டியில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த தங்கச்சி, லீவுக்கு வந்தபோது அவரிடம் "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டென்று காலை மடக்கினார். "எம் புள்ள வழி கேக்கறதப் பாருங்க!" என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அஞ்சாவதோடு நிறுத்தப்பட்ட நான், தண்ணிக்குப் போகிற வழியெல்லாம் அதையே முணுமுணுத்துப் பழகினேன். மறுநாள் இடுப்பில் குடத்தோடு அப்பா முன்னால் நின்று பிசகாமல் சொன்னேன்.

அவர் நிமிரவே இல்லை. "பின்னால சுத்திப் போ கண்ணு, மொளகு செதறிரும்."

இவளும் அவள் அம்மா மாதிரியே தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டேன்.

"பின்னால சுத்திப் போ கண்ணு."