ஆறு மணிப் புள்ளி

காஜா பேராங்கில் டிரெஸர் பொன்னுதுரை என்றால் தெரியாத வீடு இல்லை. மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் அந்த டிரெஸர் வேலையில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். கட்டிலில் தொங்கும் ஜுர சார்ட்டை அவரைப்போல் அழகாக வரைய ஆளில்லை. காலை ஆறுக்கு ஒரு புள்ளி, மாலை ஆறுக்கு ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்து ரூலர் வைத்த கோடு.

அழகாவது மண்ணாவது! பாதி பொய். சாயங்காலம் முப்பது கட்டிலுக்கு ஒரே ஆள். அளக்காத வேளையைக் காலியாக விட்டால் மேட்ரன் தோலை உரித்துவிடுவாள். புதிதாக வந்த ஒருவன் காலி வேளைக்குக் கோட்டைச் சார்ட்டின் அடிவரை இறக்கிவிட்டு, பிணத்துக்கா ஜுரம் பார்த்தாய் என்று திட்டு வாங்கினான். அதிலிருந்து, முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் நேர்கோடு இழுத்து நடுவில் ஒரு பொய்ப் புள்ளி வைப்பது வார்டு வழக்கம். ஆரம்பித்தவர் பொன்னுதுரைதான்.

ஒன்பது வயது மகள் மல்லிகா டைபாய்டில் அதே வார்டில் படுத்தாள். சொந்தப் பிள்ளை என்பதால் அவள் சார்ட் மட்டும் இன்னொரு டிரெஸர் ராஜரத்தினத்திடம் போனது. ஆறாம் நாள் காலை யாழ்ப்பாணத்து டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஜுரம் இறங்கிவிட்டது, இன்றோடு மருந்தை நிறுத்தலாம் என்றார்.

பொன்னுதுரை எட்டிப் பார்த்தார்; நேற்று மாலைப் புள்ளியும் தாழ்ந்தே இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பிள்ளையின் நெற்றி அடுப்புக்கல்லாகக் கொதித்ததே! டைபாய்டு காலையில் பதுங்கும், மாலையில் பாயும். மருந்து நின்றால் பிள்ளை போய்விடும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

ராஜரத்தினத்தை ஓரமாக இழுத்தார். "ஆறு மணிக்கு அளந்தியா?"

"ஒரு நாளும் இல்லண்ணே. நம்ம வழக்கம்தானே, இழுத்துட்டேன்."

டாக்டர் பேனாவைத் திறந்திருந்தார். பொன்னுதுரை ஓடிப்போய் சார்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலப் புள்ளி எதுவும் அளந்தது இல்லங்க டாக்டர். மருந்த நிறுத்தாதீங்க."

டாக்டர் திட்டவில்லை. மருந்தைத் தொடரச் சொல்லி எழுதினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"போன கிழமை காய்ச்சல் இறங்கிட்டுதெண்டு மூண்டு பிள்ளையள வீட்டுக்கு அனுப்பினனான். அவையின்ர சார்ட் ஆர் போட்டது?"

பொன்னுதுரை ரிஜிஸ்டரைப் புரட்டி மூன்று விலாசங்களையும் எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். முதல் வீடு புக்கிட் காதிலில். வழியெல்லாம், பிள்ளை விளையாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தார். வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.