வெள்ளைக்கால் நாரை ஆண்தான் என்று எழுதியவர்

சித்தப்பா ஒன்பது வேலை பார்த்து ஒன்பதிலும் நிலைக்காதவர். பத்தாவதாகப் பறவைக் காப்பகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தார். ஏரிக்குள் ஒரு மரத்தில் நாரைக்கூடு. எந்த நாரை எப்போது அடைகாக்கிறது, எப்போது எழுந்து முட்டையைப் புரட்டுகிறது என்று கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒழுங்காக எழுதினால் அடுத்த வருஷமும் வேலை உண்டு என்று அதிகாரி அம்மா சொல்லியிருந்தார்.

“முட்டை மேல அது உக்காரும், அதைப் பார்த்துக்கிட்டு நீங்க உக்காருவீங்க. பொருத்தமான வேலைதான்,” என்றார் சித்தி.

நாரைகளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சித்தப்பா யாரையும் கேட்காமல் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்குக் கால் சிவப்பு, மற்றதற்கு வெள்ளை. சிவப்பு பெண், வெள்ளை ஆண்.

மூன்றாம் வாரம் வெயில் கொளுத்தியது. அன்று சித்தப்பா சாப்பாட்டைத் தொடவில்லை.

“அவ போயிட்டா.”

சித்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “எவ?”

“நாரை. நாலு நாளா வெள்ளைக்கால் ஒருத்தனே கிடந்து காயுறான்.”

“நாலு நாளா ஒரு ஆம்பளை தனியா பிள்ளையைப் பார்த்துக்கிறானா? நீங்க வேற எதையோ பார்த்திருக்கீங்க.”

மறுநாள் அதிகாரி வந்து நோட்டைப் பார்ப்பதாக இருந்தது. துணைக்கு நானும் போனேன். பதினொரு மணிக்கு இன்னொரு நாரை வந்திறங்கி அலகைத் தட்டியது. உட்கார்ந்திருந்தது எழுந்தது. நான்கு கால்களும் வெள்ளை.

“ஐயையோ, ரெண்டும் ஆம்பளை!” என்றார் சித்தப்பா.

வந்த நாரை வாலைத் தூக்கி, நிதானமாகத் தன் கால் மேலேயே எச்சமிட்டது.

“பார்த்தியா?”

“பார்த்தேன் சித்தப்பா.”

அதிகாரி வந்ததும் சித்தப்பா எதையும் மறைக்கவில்லை. “அம்மா, ஆண் பெண்ணுன்னு நான் எழுதினது பூரா தப்பு. கால் நிறத்தை நம்பி மோசம் போயிட்டேன். வேலையை விட்டு எடுத்துருங்க.”

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம், முட்டை புரட்டிய நேரம், எல்லாம் நிமிஷம் தவறாமல் இருந்தன.

“வெயிலுக்கு உடம்பு குளிரணும்னு அதுங்க கால்லயே எச்சம் போடும், அது காஞ்சு சிவப்புக் காலும் வெள்ளையாயிடும். ஆண் பெண்ணுன்னு எழுதினதை அடிச்சிடுங்க, எனக்கு நேரம்தான் முக்கியம். அடுத்த வருஷமும் நீங்களே வாங்க. இனிமே அது எத்தனை தடவை கால்ல போகுதுன்னும் சேர்த்து எழுதுங்க.”

மாலையில் சித்தி வாசலிலேயே கேட்டார்: “வேலை இருக்கா, போச்சா?”

“இருக்கு. கூடுதல் பொறுப்பு வேற குடுத்திருக்காங்க,” என்றார் சித்தப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

“அப்படியா! என்ன பொறுப்பு?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன்.